திண்ணையில் மட்டும் ஒழுங்காக இருந்த ஹப்

போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் பண்ணும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. எரிப்பதுதான் நின்றுபோனது. முன்பெல்லாம் எங்கள் ஊர் தாமலில் விடியுமுன்னே தெருவுக்குத் தெரு புகை மண்டிவிடும். கிழிந்த பாய், ஓட்டை முறம், தறியின் உளுத்துப்போன சட்டங்கள் என்று எல்லாம் அதில் போகும். இப்போது பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியோடு வந்து, எடை போட்டு எடுத்துப் போகிறார்.

இந்த வருஷம் பரணிலிருந்து ஒரு செருப்புக் கடை அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே இணையத்துக்கான பழைய டேட்டா கார்டு ஒன்று, உபுண்டு சிடியின் உறை, அடியில் கறுப்பாக நான்கு துளையோடு ஒரு யுஎஸ்பி ஹப். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பேய் பிடிச்ச பெட்டி இல்ல? இன்னும் வச்சிருக்கியா?" என்றாள். பேய் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு பழைய நெசவாளர் வீடு. தெருப்பக்கம் திண்ணை, அடுத்து கூடம், அதற்கும் பின்னால் தறி அறை. கனமான சுவர், தாழ்ந்த ஓடு, ஒரே ஒரு சன்னல். குழித்தறியில் அப்பா கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலை என்றால் ஊடைநூல் ஓட்ட மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒன்று. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தறியோரம் உட்கார்ந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஆள் நான்தான். அந்தக் காலத்தில் அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. "கொஞ்சம் கோர்வைக்கு உக்காரு" என்பார்கள், அவ்வளவுதான். இன்று எந்த வீட்டிலும் பிள்ளையை அப்படி உட்காரவைப்பதில்லை. நல்லதுதான்.

படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாளில் காஞ்சிபுரத்து முதலாளி ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அவரிடம் பழைய கிராஃப் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. யாளி, அன்னம், மயில், கோபுரம் என்று கரைக்கும் முந்திக்கும் உரிய டிசைன்களைச் சின்னச் சின்னக் கட்டங்களில் வண்ணம் தீட்டி வைத்த தாள்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடிப்பார்கள். அந்த அட்டைதான் ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்த நூல் தூக்கவேண்டும், எது கிடக்கவேண்டும் என்று சொல்லும். தாள்கள் பழுத்து, மடிப்பில் உதிரத் தொடங்கியிருந்தன. ஸ்கேன் பண்ணி, அழிந்த கட்டங்களைத் திருத்தி, மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். தாளுக்கு இவ்வளவு என்று கூலி.

(ஜக்கார்டுதான் கம்ப்யூட்டருக்குப் பாட்டன் என்று சொல்லாமல் காஞ்சிபுரத்தில் யாரும் மேடையைவிட்டு இறங்குவதில்லை. 1804இல் பிரான்சில் வந்த அந்தப் பெட்டியின் உறவுமுறையை நான் இங்கே எடுக்கப் போவதில்லை.)

கம்ப்யூட்டர் சென்னையிலிருந்து வாங்கிவந்த பழையது. முதலில் அதில் இருந்தது விண்டோஸ். காசு கொடுத்து வாங்கியதில்லை என்று தனியாகச் சொல்லவேண்டாம். அது பென் டிரைவ் வைரஸ்களின் பொற்காலம். அட்டை அடிக்கிற கடையில் ஒருமுறை செருகிவிட்டு வந்தால் போதும், கோப்புறைகளெல்லாம் குட்டி போட்டிருக்கும். அப்போதுதான் கேட்டால் உபுண்டு லினக்ஸ் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று நண்பன் சொன்னான். நம்பவில்லை. பதிவு செய்து மறந்தும்போனேன். ஒரு மத்தியானம் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெளிநாட்டு உறை ஒன்றை நீட்டினார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு வாங்காம எவன்டா தருவான்? உள்ள ஏதாவது கையெழுத்துக் கேக்கறானா பாரு" என்றார். அந்தத் தபால் சேவையை 2011இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்குள் தாமலுக்கு வேறு யாருக்காவது வந்ததா என்று தபால்காரரைக் கேட்டு வைத்திருக்கலாம்.

லினக்ஸ் போட்டதும் வைரஸ் தொல்லை விட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது.

அந்தப் பெட்டியில் முன்பக்க யுஎஸ்பி துளைகள் செத்துப்போயிருந்தன. பின்பக்கத்தில் இரண்டே இரண்டு. எனக்கோ மவுஸ், ஸ்கேனர், டேட்டா கார்டு, பென் டிரைவ் எல்லாம் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பேர் இல்லாத ஒரு ஹப்பை வாங்கிவந்தேன். பக்கவாட்டில் அடாப்டர் செருக ஒரு குட்டித் துளை இருந்தது. அடாப்டர் கொடுக்கவில்லை. தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

முதல் சாயங்காலமே ஆட்டம் ஆரம்பித்தது. டேட்டா கார்டில் இணையம் வரும். மின்னஞ்சலில் கோப்பு பாதி ஏறும்போது அறுந்துபோகும். ஸ்கேனர் ஒரு தாளின் நடுவயிற்றில் நின்று, விளக்கை அணைத்துவிட்டு, அப்படியே கிடக்கும். சில சமயம் மவுஸும் சேர்ந்து செத்து, தானே பிழைக்கும். ஏற்கெனவே டேட்டா கார்டு என்பது லினக்ஸில் தனிக் கூத்து. செருகினதும் அது தன்னை மோடம் என்று சொல்லாது. சிடி டிரைவ் என்று சொல்லும். விண்டோஸுக்கான மென்பொருளை உள்ளேயே சுமந்துவரும் தந்திரம் அது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல்தான் அதைத் தட்டி, "சிடி வேஷத்தைக் கலை" என்று மோடமாக மாற்றும். ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் இந்த வேஷம் போடுவதும் கலைப்பதும் முதலிலிருந்து நடக்கும்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சித்தப்பா மின்வாரியத்தைச் சொன்னார். சாயங்காலத்தில் பம்ப்செட் எல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்குகிறதாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை, சுவரில் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் 5 வோல்ட்டை 5 வோல்ட்டாகவே கொடுக்கும். முடியாவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். பெட்டி அணையவில்லை. நண்பன் லினக்ஸைச் சொன்னான். "இலவசமா வந்தா இப்படித்தான்" என்று அவனே தன் விண்டோஸ் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் ஹப்பைச் செருகினான். அதிலும் அறுந்தது. ஒரு வித்தியாசம்: விண்டோஸ் டிங்-டொங் என்று ஒரு ஓசையோடு விட்டுவிட்டது. லினக்ஸ் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தது.

டிமெசேஜ் என்று ஒரு கட்டளை உண்டு. அடித்தால் லினக்ஸின் கருவான கர்னல் தான் பார்த்ததையெல்லாம் வரிவரியாகக் கொட்டும். "சாதனம் துண்டிக்கப்பட்டது", "புதிய சாதனம்", "விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை -71", "முகவரியை ஏற்க மறுக்கிறது". -71 என்றால் யுஎஸ்பி பேச்சுமுறையே நடுவில் குழறிவிட்டது என்று பொருள். -110 என்றால் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் சாதனத்துக்குப் புது எண் கொடுக்கும்; அறுந்து அறுந்து ஒட்ட எண் ஏறிக்கொண்டே போகும். 127 வரை போனதும் திரும்பச் சின்ன எண்ணுக்கு வரும். ஒரு யுஎஸ்பி வழித்தடத்தில் அதற்குமேல் சாதனம் இருக்க இடமில்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் அந்த எண் மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். லினக்ஸ் மீது ஊரே குற்றம் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அது வாயைத் திறந்து சொல்கிறது என்பதுதான்.

சுண்ணாம்பு அடிக்கிற நாளில் துப்பு கிடைத்தது. பொங்கலுக்குத் தறி அறைக்கும் கூடத்துக்கும் வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் உள்ளே இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கித் திண்ணையில் வைத்தோம். வேலை நிற்கக்கூடாது என்று அங்கேயே கம்பி இழுத்து உட்கார்ந்தேன். ஹப் அறுக்கவில்லை. காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை தாள் தாளாக ஸ்கேன் ஆகிறது, கோப்பு கோப்பாகப் போகிறது. போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. அதே ஹப், அதே கம்பி, அதே கர்னல். மறுநாள் உள்ளே கொண்டுபோனதும் மறுபடி ஆட்டம்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே கூச்சம். ஆனால் தறியில் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். கரையில் பூ உடைந்து விழுந்தால் எல்லோரும் உடனே பெட்டியைப் பிரிப்பார்கள், அவர் பிரிக்கமாட்டார். நெய்த துணியை வெளிச்சத்தில் விரித்து, பழுது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். சேலையின் நீளத்தில் ஒரே நூலில் விடாமல் விழுந்தால் கொக்கியோ, அதில் கட்டிய நூலோ போயிருக்கும். பூ திரும்பத் திரும்ப வரும்போது ஒரே வரியில் மட்டும் விழுந்தால் அந்த ஒரு அட்டைதான் கெட்டிருக்கும். அன்றும் அதையே கேட்டார். "எப்ப அறுக்குது? எங்க அறுக்குது?"

"உள்ள வச்சா அறுக்குது. திண்ணையில வச்சா இல்லப்பா."

"அப்ப பெட்டிய ஏன்டா திட்டற? உள்ள இருக்கறதுக்கும் வெளிய இருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு பாரு."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாடாவை எடுத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு, டிமெசேஜ் கொட்டியதையெல்லாம் தாளில் அச்செடுத்து, ஹப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏரிக்கரையோரம் நின்றால் வேலூர்ப் பக்கமிருந்து வரும் வண்டி கிடைக்கும். பாலுசெட்டிச் சத்திரம் தாண்டிக் காஞ்சிபுரம். போன இடத்தில் பெரிய கூட்டமில்லை. கல்லூரிப் பையன்கள், வேலைக்குப் போகிறவர்கள் சிலர், நடுவில் இரண்டு மடிக்கணினி. கண்ணாடி போட்ட ஓர் அண்ணன் என் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, "மென்பொருளை விடுங்க. முதல்ல மில்லியாம்ப் கணக்குப் போடுவோம்" என்றார்.

அந்தக் கணக்கு இதுதான். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று அதிகபட்சம் 500 மில்லியாம்ப் கொடுக்கும். சொந்த மின்சாரம் இல்லாத ஹப், அதில் 100ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் துளைக்கு 100 வீதம் நான்காகப் பிரிக்கவேண்டும். அந்த மாதிரி ஹப்புக்கு நாலு துளை என்று இருப்பதே இதனால்தான். என்னுடைய ஸ்கேனர் தனி மின்கம்பி இல்லாத ஒல்லி ரகம். ஓடும்போது அதற்கே கிட்டத்தட்ட 500 வேண்டும். டேட்டா கார்டுக்கும் அதே பசி. இரண்டும் ஒரே ஹப்பில்.

"லினக்ஸ் இதையெல்லாம் கணக்குப் பாக்கும்ணா. பத்தலன்னா ஏத்துக்காதே?" என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான். கேள்வி சரி. துளைக்கு உள்ள அளவுக்குமேல் ஒரு சாதனம் கேட்டால் "வழித்தடத்தில் மின்சாரம் போதாது" என்று எழுதிவைத்துவிட்டு கர்னல் ஒதுங்கிக்கொள்ளும். அண்ணன் என் ஹப்பைத் தன் மடிக்கணினியில் செருகி எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை விரிவாக ஓட்டினார். ஹப் தன்னைப் பற்றி எழுதிவைத்திருந்த விவரத்தில், "சொந்த மின்சாரம் உண்டு" என்று இருந்தது. அடாப்டரே இல்லாமல்! அதை நம்பித்தான் கர்னல் எல்லாவற்றையும் உள்ளே விட்டிருக்கிறது. மலிவு ஹப்புகளில் இந்தப் பொய் சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சரி, திண்ணை? அங்கே மட்டும் எப்படி மின்சாரம் போதியது? அவர் கேட்டார், "உங்க வீட்டு உள்ளறையில செல்லுக்கு சிக்னல் எப்படி?"

உள்ளறையில் சிக்னல் ஏது? பேசவேண்டும் என்றால் திண்ணைக்குத்தான் வருவோம். டேட்டா கார்டும் ஒரு செல்போன்தானே. செல் கோபுரம் நன்றாகக் கேட்டால் மெதுவாகப் பேசும். கேட்காவிட்டால் உரக்கக் கத்தும். கத்துவதற்கு மின்சாரம் வேண்டும். கனத்த சுவருக்குள் உட்கார்ந்து அது கத்தும்போதெல்லாம் ஹப்பில் வோல்டேஜ் சரிந்து, கூட இருக்கிற ஸ்கேனரும் மவுஸும் மயங்கி விழுந்திருக்கின்றன. பாதி மின்னஞ்சலில் அறுந்ததற்கும் அதுவே காரணம். கோப்பு ஏற்றும்போதுதான் கார்டு அதிகம் கத்தும்.

ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஹப் காலியாக இருக்கையில் 5 வோல்ட் காட்டியது. ஸ்கேனர் விளக்கு எரிந்ததும் முள் சரிந்தது. இப்படிப்பட்ட ஹப்பின் துளையில் 4.40 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று விதி. அதற்கும் கீழே போய் நின்றது. அவருக்கு யுஎஸ்பி என்றால் என்னவென்று தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. "அஞ்சு வோல்ட், ரெண்டு ஆம்ப் அடாப்டர் போடு தம்பி. ஆனா பின் பொருந்துதேன்னு பன்னெண்டு வோல்ட்டைச் செருகிடாதே, எல்லாம் புகையும்" என்று, அவரே ஒன்றைத் தேடி எடுத்து, முனையை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். ஈய வாசனை மஞ்சப்பையில் வெகுநாள் இருந்தது.

ஹப் அடங்கியது. எச்சமாக ஒரு சின்னக் குறும்பு மட்டும் மீந்தது. ஹப்பில் ஒன்றும் செருகாமல் விட்டால் இரண்டு விநாடியில் லினக்ஸ் அதைத் தூங்கவைக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு. நல்ல ஹப் எதையாவது செருகியதும் விழித்துக்கொள்ளும். இது விழிக்காது. கணினி தொடங்கும்போதே தானாகத் தூங்கவைப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி சேர்த்ததோடு அது தீர்ந்தது.

இனி அம்மாவின் பேய். ராத்திரியில் அவள் சுவரில் இருக்கும் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பாள். அடாப்டர் வந்தபின் ஒரு நாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், இருட்டறையில் மவுஸின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். மின்சாரமே போகாத பெட்டியின் மவுஸ் எப்படி எரியும்? அடாப்டரை இன்னொரு பிளக்கில் செருகியிருந்தேன். அதன் மின்சாரம் ஹப்பில் நின்று மவுஸுக்குப் போனது. போதாக்குறைக்கு, கணினிப் பக்கம் திரும்பிப் போவதைத் தடுக்கும் ஏற்பாடும் இந்த ஹப்பில் இல்லாததால், அணைந்த பெட்டியின் முகப்பு விளக்கும் மங்கலாக எரிந்தது. விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்; மறுநாள் ஹப்புக்குத் திருநீறு பூசியிருந்தது.

யுஎஸ்பியைக் கொண்டுவந்த இன்டெல் குழுவில் முன்னால் நின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட் என்று பிறகு படித்தேன். 1996இல் முதல் யுஎஸ்பி விதிகள் வந்தபோது, வீட்டில் யாராக இருந்தாலும் யோசிக்காமல் செருகவேண்டும் என்பதுதான் நோக்கம். லினக்ஸ் கர்னலில் அதற்கான நிரலை 1999இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிச் சேர்த்தார். இரண்டு பேரும் தறி அறையை நினைத்திருக்க வாய்ப்பில்லை. யோசிக்காமல் செருகினால் போதும் என்று ஆக்கிவிட்ட பிறகு, யோசிக்க வேண்டிய கணக்கு எங்கோ மறைந்துதானே இருக்கும்.

2011இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் தெருவுக்கு நாலு வீட்டில் மடிக்கணினி. விண்டோஸோடு, சென்னையில் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பிள்ளைகள் தொடக்கத் திரையில் பாஸ் என்ற பேரைத் தாண்டிப் போவதிலேயே குறியாக இருப்பார்கள். ஏதாவது கெட்டால் என்னிடம் வருவார்கள். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். பகலில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. பேட்டரி சாயும்வரை திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம். அந்த மாதிரி ஒரு சாயங்காலம்தான் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி, "அண்ணா, இது மட்டும் ஏன் எல்லாத்தையும் எழுதி வைக்குது?" என்று டிமெசேஜைப் பார்த்துக் கேட்டாள். நான் சொன்னது ஞாபகமில்லை. அவள் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

தாமலில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. விடியலில் தெருவை அடைத்துப் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற வாசனையும் இல்லை. அப்பா தறியை விட்டுச் சில வருஷம் ஆகிறது. அக்கா மகன் டிசைன் போடுகிறான். அவனுக்குக் கிராஃப் தாளும் இல்லை, அட்டையும் இல்லை. எலக்ட்ரானிக் ஜக்கார்டு இருக்கிற தறிக்குப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. அவன் மடிக்கணினியில் இருப்பது இரண்டே டைப்-சி துளை. ஆகவே மறுபடி ஒரு ஹப்.

பொங்கலன்று வந்தவன், "மாமா, ஹார்டு டிஸ்க்கைச் செருகினா வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடுது. லினக்ஸ்லதான் இப்படி" என்றான். செல்போனில் தேடிப் பத்துப் பதினைந்து வைத்தியம் எடுத்து வைத்திருந்தான்; கர்னலை மாற்று, டிரைவரை மாற்று, தூக்கத்தை நிறுத்து. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்து கேட்டார், "டிஸ்க்க எடுத்துட்டா?"

"நல்லா ஓடுது தாத்தா."

"மவுஸ் குச்சியத் தள்ளி வச்சா?"

அவன் வைத்துப் பார்த்திருக்கவில்லை. யுஎஸ்பி 3.0 வேகமாக ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைச் சிந்தும். இதை இன்டெல்லே 2012இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறது. ஹப்பில் டிஸ்க்கும் மவுஸின் சிக்னலை வாங்கும் குச்சியும் அடுத்தடுத்த துளையில் இருந்தன. ஒரு முழ நீட்டுக் கம்பியில் குச்சியைத் தள்ளி வைத்தான். மவுஸ் ஓடியது.

"தாத்தா, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"எனக்கு என்னடா தெரியும்" என்றார் அப்பா. "மாத்தி வச்சுப் பாக்கச் சொன்னேன். அந்த யாளிக் கரைக்கு எவ்வளவு கூலி பேசியிருக்க? அதச் சொல்லு முதல்ல."